இருட்டில் தடவும் கைக்காக



இந்த அறக்கட்டளைப் பேச்சின் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பொறியியலும் வடிவமைப்பும் படிக்கிற பிள்ளைகள் நிறைந்த அவை என்பதால், என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளை மிக மோசமான நேரத்தில் தொடுகிறவரைப் பற்றிய பேச்சு இது. புகை மூட்டத்தில் கதவைத் தேடுகிறவர்; அதிகாலை நான்கு மணிக்கு நூறு எச்சரிக்கைகள் ஒன்றாக அலறும் அறையில் முடிவெடுக்க வேண்டியவர்; நடுக்கடலில் படகு சாய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு பொத்தானைத் தேடுகிறவர்.

நம் பாடத்திட்டத்தில் இவர்களுக்குக் கடைசி வரிசைதான். முதலில் சராசரிப் பயனருக்காகச் செய்துவிடுவோம், விதிவிலக்குகளை அப்புறம் பார்ப்போம் என்பது பழக்கம். அந்தச் சராசரி மனிதரை 1950-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க விமானப்படை தேடிப் பார்த்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டு, உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டார். ஒருவர்கூட இல்லை. அவரவர்க்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளும் இருக்கைகளின் பக்கம் விமானப்படை திரும்பியதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். உடல் அளவைப் பற்றிய இந்தப் பாடம் வடிவமைப்பாளர்களுக்கு ஓரளவு வந்துவிட்டது. வேளையைப் பற்றிய பாடம் இன்னும் வரவில்லை. பகலில் நிதானமாக இருக்கும் அதே மனிதர், தூக்கமில்லாத இரவில், பயத்தில், ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருக்கும்போது வேறு ஆள்.

அந்த வேறு ஆள் என்ன செய்வார்? புதிதாக எதையும் கற்க மாட்டார். சாதாரண நாட்களில் அந்தப் பொருள் அவர் கையை எதற்குப் பழக்கியிருக்கிறதோ, அதையே செய்வார். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஆபத்துக்கான வடிவமைப்பை அன்றாட உபயோகத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். தனியே எடுத்து வைத்தது சமயத்தில் கைக்கு வராது. இதைச் சில உண்மைச் சம்பவங்களைக் கொண்டு விளக்குகிறேன்.

1903 டிசம்பர் 30. சிகாகோ நகரின் இரோகுவா தியேட்டர் திறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. தீப்பற்றவே பற்றாத கட்டடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். விடுமுறைக் காலத்துப் பகல் காட்சி. பெண்களும் குழந்தைகளும் நிரம்பியிருந்தார்கள். மேடை விளக்கிலிருந்து கிளம்பிய பொறி திரைச்சீலையில் பற்றியது. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். வெளியேறும் வாசல்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் பல வாசல்களை அலங்காரத் திரைகள் மறைத்திருந்தன. சில பூட்டிக் கிடந்தன. சில கதவுகளில் ஐரோப்பிய பாணித் தாழ்ப்பாள் இருந்தது. சின்ன நெம்புகோல் ஒன்றைத் திருப்பினால்தான் விடுபடும். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உள்பக்கமாக இழுத்துத் திறக்க வேண்டிய கதவுகளும் இருந்தன. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது முன்னால் நிற்பவரால் கதவை எப்படித் தன் பக்கம் இழுக்க முடியும்?

இண்டியானாபோலிஸ் நகரில் கதவுச் சாமான் விற்கும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர் கார்ல் பிரின்ஸ்லர். அன்றைய காட்சிக்குப் போயிருக்க வேண்டியவர், போகவில்லை. அந்தச் செய்தி அவரை விடவில்லை. ஹென்றி டியூபான்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய சாதனம் 1908-ல் விற்பனைக்கு வந்தது. கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி. தள்ளினால் திறக்கும். கை வேண்டியதில்லை, வயிறு முட்டினாலே தாழ் விலகும். இன்று உலகெங்கும் திரையரங்குகளிலும் விமான நிலையங்களிலும் அந்தக் கம்பியைப் பார்க்கிறோம்.

இதன் அருமையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தத் தியேட்டரில் ஆளைக் கொன்றதில் கூட்டத்தின் நெருக்குதலுக்குப் பெரும் பங்கு. பிரின்ஸ்லரின் கம்பி அந்த நெருக்குதலையே சாவியாக்கிக்கொண்டது. 'தள்ளாதீர்கள், வரிசையாக வாருங்கள்' என்று பயந்துபோன மனிதருக்கு அது உபதேசம் செய்யவில்லை. அவர் என்ன செய்வாரோ அதைச் செய்தால் கதவு திறக்கும்படி வைத்தது. இன்னொன்றும் உண்டு. சாதாரண நாளில் சினிமா முடிந்து சாவகாசமாக வெளியே வருகிறவரும் அதே கம்பியை அதே மாதிரிதான் தள்ளுகிறார். தீப்பிடித்த அன்றைக்கென்று தனியாக ஒரு செயல் இல்லை.

இப்போது நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். பந்தி நடக்கும் கூடத்தின் பின்கதவைப் பாருங்கள். கதவுக்கு மேலே பச்சை எழுத்தில் 'எக்சிட்' என்ற பலகை இருக்கும். கதவில் மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள், நாதாங்கியில் ஒரு பூட்டு. முன்னால் தலையளவுக்கு அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டிச் சாத்திய ஜமக்காளம். சாவி மேனேஜரிடம், மேனேஜர் வாசலில் வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். ஏன் பூட்டினீர்கள் என்று அவரைக் கேட்டால் நியாயமான காரணம் சொல்வார்: திறந்து வைத்தால் பாத்திரம் போய்விடும், சம்பந்தமில்லாதவர்கள் பந்திக்குள் வந்துவிடுவார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இருக்கும் அன்றாடக் கஷ்டத்தைக் கணக்கில் எடுக்காத கதவை நாம் கொடுத்தோம். அவர் பூட்டால் அதைத் தீர்த்துக்கொண்டார். வெளியிலிருந்து திறக்கவே முடியாது, உள்ளிருந்து தள்ளினால் போதும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே வந்துவிட்ட கம்பி அவருடைய களவுப் பயத்தையும் தீர்க்கும், விருந்தினர் உயிரையும் காக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. அதன் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றினோம். கதவுகளின் மேல் நமக்கு அதே வேகம் வரவில்லை என்பது என் ஆதங்கம்.

கதவாவது கண்ணுக்குத் தெரிகிற பொருள். அடுத்தது ஒரு விளக்கைப் பற்றியது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணி. இரண்டாம் அலகில் நீர் செலுத்தும் பம்புகள் நின்றன. உலை தானாகவே நின்றுவிட்டது. அதுவரை எல்லாம் முறைப்படி. அழுத்தம் ஏறியதும், அதைக் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தது, அதுவும் முறைப்படி. சில நொடிகளில் அது மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அதன் வழியே வெளியேறத் தொடங்கியது.

கட்டுப்பாட்டு அறையின் பலகையில் அந்த வால்வுக்கென்று ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்தது. அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் படித்தார்கள். உண்மையில் அந்த விளக்கின் ஒயர் வால்வோடு இணைக்கப்படவில்லை. வால்வை இயக்கும் மின்சுருளுக்குப் போகும் மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 'மூடு' என்ற கட்டளை போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான் விளக்குக்குத் தெரியும். மூடியதா என்பது தெரியாது. சாதாரண நாட்களில் கட்டளை போனால் வால்வு மூடும், ஆகவே விளக்கு சொன்னது சரியாகவே இருந்துவந்தது. அந்த நம்பிக்கையோடுதான் அவர்கள் அந்த அதிகாலைக்குள் நுழைந்தார்கள்.

வேறு தடயங்கள் இருந்தன. வால்வுக்கு அப்பால் உள்ள குழாயின் வெப்பநிலை உயர்ந்திருந்தது. ஆனால் அந்தப் பகுதியில் ஏற்கெனவே லேசான கசிவு இருந்ததால் அந்த எண் எப்போதும் கொஞ்சம் உயர்வாகத்தான் இருக்கும். பழகிப்போன எண், கண்ணில் படவில்லை. வெளியேறிய நீர் போய்ச் சேரும் தொட்டியின் அழுத்தமானி, பலகைக்குப் பின்புறம் இருந்தது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன, மின்னின. எது தலை, எது வால் என்று சொல்ல அவற்றுக்கு வழியில்லை. நடப்பதை வரிசையாக அச்சிட வேண்டிய கணினி அச்சுப்பொறி ஒரு கட்டத்தில் மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது. உலையில் நீர் குறைந்துகொண்டிருக்க, ஒரு மட்டமானி மட்டும் நீர் மிகுந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி, தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசர நீரையும் அவர்கள் குறைத்தார்கள். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து, புதிதாகப் பணிக்கு வந்த ஒருவர் சந்தேகப்பட்டு வேறொரு வால்வை மூடச் சொன்ன பிறகே கசிவு நின்றது. உலையின் கருப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகியிருந்தது.

விசாரணைக் குழுவின் தலைவராக இருந்தவர் ஜான் கெமனி, பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். இயக்கியவர்களின் தவறு என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், பயிற்சியையும் கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும் அந்தக் குழு கேள்வி கேட்டது. என்னைப் பொறுத்தவரை அந்த அறிக்கை ஒவ்வொரு வடிவமைப்பு மாணவரும் படிக்க வேண்டிய ஒன்று. கட்டளை போனதைக் காட்டுவதும், நிலை மாறியதைக் காட்டுவதும் வேறு வேறு வேலைகள். நல்ல நாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் தேவைப்படும் ஒரே நாள், வால்வு சிக்கிக்கொண்ட நாள்.

இக்கட்டான பயனர் என்றால் திறமை குறைந்தவர், பயந்தவர், முதியவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மிகத் திறமையானவரும் அந்தப் பட்டியலில் உண்டு. 1986-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கனடாவில் தயாரான தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். அதை இயக்கிய பெண்மணி நல்ல அனுபவசாலி, விசைப்பலகையில் விரல்கள் பறக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு எக்ஸ்ரே முறை. அதற்கான எழுத்தைக் கை பழக்கத்தில் அடித்துவிட்டார். அன்றைய நோயாளிக்கு எலக்ட்ரான் முறை. உடனே மேலே போய் எழுத்தைத் திருத்திவிட்டு, மற்ற வரிகளை மளமளவென்று கடந்து, சிகிச்சையைத் தொடங்கினார். எல்லாம் சில நொடிகள். இயந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்துகொள்ள எட்டு நொடி எடுக்கும். அந்த எட்டு நொடிக்குள் நடந்த திருத்தம் மென்பொருளின் ஒரு பகுதிக்குத் தெரியவே இல்லை. நோயாளியின் உடலில் பாய வேண்டியதைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு பாய்ந்தது.

திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரி. அது என்ன என்று அவருக்குக் கையேடு சொல்லவில்லை. இயந்திரம் இப்படி ஏதோ ஒரு எண்ணைக் காட்டி நிற்பது அடிக்கடி நடக்கும்; 'பி' என்ற எழுத்தை அழுத்தினால் தொடர்ந்துவிடும். அழுத்தினார். நோயாளிக்கு இரண்டாவது முறையும் பாய்ந்தது. உள்ளே அவர் துடித்தது வெளியே தெரியவில்லை; பார்க்கும் கேமராவும் பேசும் கருவியும் அன்று இயங்கவில்லை. சில மாதங்களில் அவர் இறந்தார்.

தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து சோதித்தபோது பிழை வரவில்லை. அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அதே கதி நேர்ந்தது. அதன்பின் அங்கிருந்த இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், அந்தப் பெண்மணியோடு உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். வேகமாக அடித்தால் மட்டுமே பிழை வருகிறது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. சோதனை செய்தவர்களின் நிதானமான விரல்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை. இதில் என்னை மிகவும் வருத்துவது அந்தப் 'பி' எழுத்து. ஒவ்வொரு சாதாரண நாளும் இயந்திரம் அவருக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறது: இந்தச் செய்திக்கு அர்த்தமில்லை, தாண்டிப் போ. அன்றைக்கும் அவர் கற்றுக்கொண்டபடியே நடந்தார். நீங்கள் எழுதும் செயலிகளில் இப்படி எத்தனை 'ஓகே' பொத்தான்களுக்கு மக்களின் விரல்களைப் பழக்கியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் கேட்டபின் ஒரு கேள்வி எழும். வரக்கூடிய ஆபத்தையெல்லாம் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. ஆனால் அப்படி நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமலே செய்த ஒரு நல்ல வடிவமைப்பு நம் சமையலறைகளில் இருக்கிறது.

பிரஷர் குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் காப்பாற்ற ஒரு சேஃப்டி வால்வு உண்டு. சூடு மிஞ்சினால் அதிலுள்ள உலோகம் உருகி ஆவியை வெளியே விடும். ஒரு முறை உருகினால் புதிது மாற்ற வேண்டும். கடைத்தெருவில் மலிவாகப் போலி வால்வுகள் வந்தன. உருக வேண்டிய நேரத்தில் அவை உருகவில்லை, குக்கர்கள் வெடித்தன. அசலையே வாங்குங்கள் என்று எவ்வளவுதான் விளம்பரம் செய்வது? பிரெஸ்டீஜ் குக்கர் நிறுவனத்தின் டி.டி. ஜகந்நாதன் அந்த வழியில் போகவில்லை. மூடியின் விளிம்பில் ஒரு நீண்ட துளை வைத்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் கேஸ்கெட் அந்தத் துளை வழியே பிதுங்கிவிடும், ஆவி வெளியேறிவிடும். வெயிட் அடைத்ததா, வால்வு போலியா, அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார்களா, காரணம் எதுவானாலும் முடிவு இதுதான்.

நான் இதை வியப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சேஃப்டி வால்வு ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும். கெட்டுப்போனாலும், போலியானாலும், வெடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. கேஸ்கெட் தினமும் வேலை செய்கிறது. அது தளர்ந்தால் மறுநாள் காலையிலேயே விசில் வராது, ஓரத்தில் ஆவி கசியும். வீட்டில் உள்ளவர்கள் அதை ஃபிரீசரில் போட்டு இரண்டு நாள் ஓட்டுவார்கள், பிறகு கடைக்குப் போய்ப் புதிது வாங்குவார்கள். ஆபத்திலிருந்து காக்கும் பொறுப்பை அன்றாடம் உழைக்கும் ஓர் உறுப்பிடம் கொடுத்ததால், அதை யாரும் மேற்பார்வை பார்க்காமலே அது நல்ல நிலையில் இருக்கிறது.

கட்டடங்களுக்கும் இதே கணக்குத்தான். ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். பிறகு கடற்கரையோரம் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்களில் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். பிள்ளைகளுக்கு வழி தெரியும், கதவு திறக்கும், கழிப்பறை எங்கே என்று தெரியும். 2013-ல் ஃபைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே இடம் பெயர்ந்தார்கள். சாவு எண்ணிக்கை சில பத்துகளுக்குள் நின்றது. முன்னறிவிப்பும் நிர்வாகமும் அதற்குப் பெருங்காரணம். ஆனாலும் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்துக்கு மாட்டை விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? வங்கதேசத்தில் மக்கள் மாட்டை விட்டு வர மறுத்த அனுபவத்திலிருந்துதான், கால்நடைகளுக்கென்று மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பினார்கள்.

இனி நம் கடலுக்கு வருகிறேன். இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகக் கிராமங்கள். இந்தியாவின் மிகச்சிறந்த ஆழ்கடல் மீனவர்கள் அங்கிருந்து போகிறார்கள். ஆயிரங்கால் தூண்டிலோடு சுறாவும் சூரையும் தேடி, கரையிலிருந்து பல நூறு கடல்மைல் தள்ளி, வாரக்கணக்கில் தங்கல் தொழில். கைபேசிச் சமிக்ஞை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடும். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ் அதைவிடத் தூரம் போகும், ஆனால் கரையை எட்டாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் ஏற்றிய எச்சரிக்கைக் கொடி யார் கண்ணுக்கு? நம்முடைய எச்சரிக்கை முறை முழுவதும், இனிமேல் கடலுக்குப் போகப் போகிறவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. போய்விட்டவர் அதில் இல்லை. திரும்பி வராதவர்களின் பெயர்களை அந்தக் கிராமங்கள் இன்றும் சொல்கின்றன.

அதற்குப் பின் இரண்டு வகைக் கருவிகள் பேச்சுக்கு வந்தன. ஒன்று 2019 அக்டோபரில் வந்த ஜெமினி. ஐதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை ஒரு சிறிய பெட்டி வாங்கி, புளூடூத் மூலம் கைபேசிக்குத் தரும். புயல் எச்சரிக்கையோடு, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளையும் சொல்லும். இந்தக் கடைசி அம்சத்தைச் சிலர் கூடுதல் வசதியாக மட்டுமே பார்க்கிறார்கள். அதுதான் உயிர் என்பேன். மீனைப் பற்றியும் சொல்லும் பெட்டியை மனிதர் தினமும் திறந்து பார்ப்பார், சார்ஜ் போட்டு வைப்பார். புயல் வரும் அன்று அது இயங்கும் நிலையில் இருக்கும். இதன் குறை, பேச்சு ஒருவழிதான். படகிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

சொல்வதற்கென்று ஏற்கெனவே இருந்த கருவி இன்னொன்று. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் உபயோகத்தில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேல் படகுகளுக்குப் போயிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இருப்பிடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியே கரைக்குப் போகும், கடலோரக் காவல்படை தேடி வரும். இதிலும் பேச்சு ஒருவழி. அழுத்தியவருக்கு, தன் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. த்ரீ மைல் ஐலண்டில் அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் நிலைமையேதான். உதவி வருமென்று நம்பி படகோடு இருப்பதா, மிதவையைக் கட்டிக்கொண்டு குதிப்பதா? 2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற ஒப்புதல் கரையிலிருந்து படகுக்குத் திரும்ப வருகிறது. கருவியில் சேர்த்த பல மேம்பாடுகளில் மனிதருக்கு மிகவும் தேவையானது இது என்று நான் கருதுகிறேன். இக்கட்டில் இருப்பவருக்கு 'கேட்டுவிட்டது' என்ற பதில், அடுத்த முடிவை எடுக்க ஒரு பிடிமானம்.

இனி செய்ய வேண்டியவை உங்கள் கையில் உள்ளவை. அந்தப் படகின் வீல்ஹவுஸில் ஒரு முறை நின்று பாருங்கள். வயர்லெஸ் பெட்டியைப் பாலித்தீன் உறையால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். உறைக்கு வெளியிலிருந்தே குமிழைத் திருகுவார்கள். டீசல் எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் பேச்சுக் கேட்காது. தூண்டில் கயிறு அறுத்து, உப்பு ஏறி, படகை நடத்தும் ஸ்ராங்கின் விரல்கள் தடித்திருக்கும், சில நேரம் துணி சுற்றியிருக்கும். அந்த விரலை ஈரத்தோடு தொடுதிரையில் வைத்தால், கண்ணாடியின் மேல் படிந்த உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால், எங்கே தொட்டார் என்றே திரைக்குத் தெரியாது. புயலில் ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கும். மீதி ஒரு கைதான். அந்தக் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி, துருத்திய, கெட்டியான பொத்தான் வேண்டும். தவறுதலாக அழுந்தாதபடி ஒரு மூடியும் வேண்டும். தவறான அழைப்புகள் பெருகினால் கரையில் இருப்பவர்களும் அந்தப் 'பி' எழுத்தை அழுத்தப் பழகிவிடுவார்கள்.

தயக்கங்களையும் கேட்டறிய வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் கருவியை எப்போதும் இயக்கி வைத்தால், மீன் கிடைக்கும் இடம் அடுத்தவருக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை மீனவர்களுக்கு உண்டு. மண்டபத்து மேனேஜரின் பூட்டு மாதிரி இதுவும் நியாயமான காரணம். அதை அறியாமை என்று ஒதுக்கினால் கருவி அணைந்தே கிடக்கும். இடத்தை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வதும் வடிவமைப்பு வேலைதான். எஞ்சினோ பேட்டரியோ இல்லாத கட்டுமரங்களுக்கும் சிறு வள்ளங்களுக்கும் எந்தக் கருவி என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் அளவில், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்படி, மலிவாக ஒன்றை யோசிக்க இந்த அரங்கில் ஆட்கள் இருக்கிறார்கள்.

மேற்குக் கரையில் ஜூன் மாதம் முதல் நாளிலிருந்து ஜூலை கடைசி வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் தேங்காய்ப்பட்டினத் துறைமுகத்தில் படகுகள் கரையில் இருக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு பேச நேரத்தோடு இருப்பார்கள். உங்கள் கல்லூரி விடுமுறை அதற்கு வசதியாக அமையாவிட்டால் பாடத்திட்டத்தில் ஒரு வாரத்தை ஒதுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் செய்த மாதிரியை எடுத்துக்கொண்டு போங்கள். வாளித் தண்ணீரைக் கொட்டி, ரப்பர் கையுறை போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு அதை அழுத்திப் பாருங்கள். பிறகு அதை ஸ்ராங்கிடம் கொடுத்து, படகில் எங்கே மாட்டுவீர்கள் அண்ணே என்று கேளுங்கள். அவர் மாட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஏன் அங்கே என்று கேட்டு, அங்கிருந்து வரைபடத்தை மீண்டும் தொடங்குங்கள்.